மூடுவதற்காகத் திறந்த கடை

அந்தத் தெருவில் ரொட்டிக்கடையைப் பற்றிக் கேட்டால் ஒரு வார்த்தை சொல்வார்கள். பூட்டுக்கடையைப் பற்றிக் கேட்டால் இரண்டு வார்த்தை. நாற்காலி அளவகத்தைப் பற்றிக் கேட்டால் மட்டும் பையைக் கீழே வைத்துவிட்டுப் பேசுவார்கள். வேலை சுத்தம் என்பார்கள் சிலர். முன்பு போல இல்லை, கவனம் குறைந்துவிட்டது என்பார்கள் வேறு சிலர். அந்தக் கடையின் ஷட்டர் ஒருநாள்கூட மேலே ஏறியதில்லையே என்று யாராவது எடுத்துச் சொன்னால், "அது வேற விஷயம்" என்று கையை வீசிவிட்டு மேலே தொடர்வார்கள்.

கடைக்காரரை எல்லோரும் அளவுக்காரர் என்று கூப்பிட்டார்கள். அவர் பகலில் ஒரு பெரிய மரச்சாமான் கடையின் நாற்காலிப் பிரிவில் விற்பனையாளர். அங்கே நின்றுகொண்டே இருந்ததில், உட்காருபவர்களைப் பார்க்க அவருக்கு நிறைய நேரம் கிடைத்தது. பார்த்துப் பார்த்து ஒரு யோசனை பிறந்தது. சட்டைக்கு அளவு உண்டு. செருப்புக்கு அளவு உண்டு. நாற்காலிக்கு மட்டும் ஊருக்கெல்லாம் ஒரே உயரம். குள்ளமானவர்களுக்குக் கால் தொங்குகிறது, நெட்டையானவர்களுக்கு முழங்கால் மோவாயைத் தேடி வருகிறது. தையல்காரர் ஆளை அளந்து துணியை வெட்டுவதைப் போல, உட்காருபவரை அளந்து அவருடைய நாற்காலியை வெட்டித் தந்தால் என்ன? கால் நீளம் குறைக்கலாம், கட்டை வைத்து உயர்த்தலாம், முதுகைச் சாய்க்கலாம், கைப்பிடியை இறக்கலாம்.

நல்ல யோசனை. கேட்டவர்கள் எல்லோரும் அப்படித்தான் சொன்னார்கள். வினையே அங்கேதான் ஆரம்பித்தது.

அளவுக்காரர் அந்த யோசனையைச் சொல்லும் விதம் அப்படி. மரச்சாமான் கடைக்கு வரும் வாடிக்கையாளரை உட்காரவைத்து, சட்டைப் பையிலிருந்து டேப்பை எடுத்து, குதிகாலிலிருந்து முழங்கால் மடிப்பு வரை அளப்பார். "இந்த நாலு காலையும் இவ்வளவு இறக்கினா, உங்க பாதம் முழுசா தரையில உக்காரும். தொடைக்கு அடியில இந்த விளிம்பு இப்ப குத்துதில்ல, அது குத்தாது. முதுகு தானா பின்னால போய்ச் சாஞ்சுக்கும். மூச்சு இறங்கும் பாருங்க" என்பார். கேட்பவரின் மூச்சு இறங்கும். வீட்டுக்குப் போய்ப் பழைய நாற்காலியிலேயே உட்கார்வார்கள். கொஞ்ச நாளைக்கு வலி இருக்காது. பிறகு நாலு பேரிடம், "நம்ம அளவுக்காரர்கிட்டதான் பண்ணினேன்" என்று சொல்வார்கள். அதில் பொய் எதுவும் இல்லை. அவர்களுக்கு அப்படித்தான் நினைவிருந்தது.

பிள்ளை பிறக்கும் முன்னே பெயர் வைப்பது உலகத்தில் உண்டு. இங்கே பிள்ளை பிறக்கும் முன்னே அது பள்ளிக்கூடத்தில் சேட்டை செய்கிறது என்று புகாரும் வர ஆரம்பித்திருந்தது.

கடைக்கு இடம் என்னவோ தயாராகத்தான் இருந்தது. அவர் வீட்டின் முன்னறையே கடை. தெருவைப் பார்த்து ஷட்டர் போட்டாயிற்று. நடுவில் கனமான மேசை. சுவரில் பெரியதிலிருந்து சிறியதுவரை கைரம்பங்கள், உளி, பசை டப்பாக்கள், மரத்தை இறுக்கிப் பிடிக்கும் பற்றுக்கட்டைகள். முன்னறை கடையாகிவிட்டதால் வீட்டில் இருந்த மூன்று பேரும், அதாவது அவரும் மனைவியும் மாமனாரும், பக்கத்துச் சந்து வழியாக வந்து சமையலறைக்குள் புகுந்து வீட்டை அடைந்தார்கள். மழை நாளில் சந்தில் தண்ணீர் நிற்கும். மனைவி செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வருவாள். அவள் நகரப் பேருந்து ஓட்டுகிறவள். நாள் முழுக்க ஊரையே இறக்கி ஏற்றிவிட்டுத் தன் வீட்டுக்குள் மட்டும் பக்கவாட்டில் நுழைகிறாள்.

மாமனார் நீதிமன்றத்தில் சாட்சிகளைப் பெயர் சொல்லி மூன்று முறை கூப்பிடும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மருமகன் கடை வைக்கப்போகிறார் என்று தெரிந்ததும், "மேனேஜரா நான் இருக்கேன் மாப்பிள்ளை, உங்களுக்கு எதுக்குக் கவலை?" என்று பொறுப்பேற்றுக்கொண்டார். அன்றிலிருந்து தினமும் காலையில் தலைவாரி, முழுக்கைச் சட்டை போட்டு, சமையலறையிலிருந்து உள்கதவு வழியாகக் கடைக்குள் போய், மூடிய ஷட்டருக்குப் பின்னால் விளக்கைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். யாராவது ஷட்டரைத் தட்டினால், "உள்ள வேலை நடந்துட்டிருக்கு. அப்புறம் வாங்க" என்று நீதிமன்றக் குரலில் பதில் வரும். மதியம் சமையலறைக்கு வந்து சாப்பிட்டுவிட்டு, மறுபடி வேலைக்குப் போவார். காய்ச்சல் வந்தால் மருமகனிடம் லீவு கேட்பார்.

உள்ளே வேலை நடந்ததும் உண்மைதான். அளவுக்காரர் மாலையில் வந்து குச்சி வெட்டுவார். நாற்காலிக் காலின் கனத்தில் மரக்குச்சிகளை வாங்கிவந்து, கோடு போட்டு, ரம்பத்தை வைத்து, கோட்டைத் தொட்டும் தொடாமலும் மயிரிழையில் வெட்டுவார். குச்சி என்றால் கை அப்படிப் பேசும். நாற்காலி என்று வந்துவிட்டால் பேச்சு நின்றுவிடும். ஒரு பழைய நாற்காலியைக் கவிழ்த்து மேசைமேல் வைத்து, ரம்பத்தை அதன் காலில் வைப்பார். உடனே ஒரு எண்ணம் வரும்: வெட்டிவிட்டால் வெட்டியதுதான். துணி என்றால் தையலைப் பிரிக்கலாம். மரத்தை எப்படிப் பிரிப்பது? ரம்பத்தை எடுத்துவிடுவார். பிறகு பார்த்தால் ரம்பத்தின் பல் சரியில்லை. பல்லைத் தீட்டினால் வெளிச்சம் இடப்பக்கத்திலிருந்து வருகிறது. விளக்கை மாற்றினால் மேசை கிழக்கு பார்த்து இருக்கிறது. மேசையைத் திருப்பினால் விளக்கு மறுபடி இடப்பக்கம்.

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். நீங்க கூடத்தைத் திருப்பித் திருப்பி வெச்சுட்டிருக்கீங்க" என்றாள் மனைவி.

"ஒரே ஒரு தடவை தப்பா வெட்டிட்டா கடை பேரே போயிடும்."

"எந்தக் கடை பேருங்க?"

அளவுக்காரர் மேசையின் அடுத்த முனையைத் தூக்கினார். வெட்டிப் போட்ட குச்சித் துண்டுகள் வருடக்கணக்கில் சேர்ந்து, சுவர் ஓரம் இடுப்பளவுக்கு நின்றன.

முதல் புகார் கணக்கு டீச்சரிடமிருந்து வந்தது. அவர் அடுத்த தெருவில் மாணவர்களுக்குத் தனிப்பாடம் நடத்துபவர். ஆள் குள்ளம், குரல் நெட்டை. அளவுக்காரரிடமே வாங்கிய நாற்காலியில் நாள் முழுக்க உட்கார்ந்து, கால் தரையைத் தொடாமல் தொங்கி, சாயங்காலம் ஆனால் கணுக்கால் வீங்கி, செருப்பு நுழையாமல் வீட்டுக்குள் வெறுங்காலோடு நடப்பவர். ஒருநாள் சந்து வழியாகச் சமையலறைக்கே வந்துவிட்டார்.

"உங்க வேலையை நான் ஊர்ல எவ்வளவு பேர்கிட்ட சொல்லியிருக்கேன் தெரியுமா? இப்படிப் பண்ணலாமா?"

"என்ன ஆச்சு டீச்சர்?"

"நீங்க சரிபண்ணிக் கொடுத்தப்ப நல்லாத்தான் இருந்துச்சு. கால் அழகா தரையில பட்டுச்சு. இப்ப நாற்காலி மறுபடி வளர்ந்திருக்கு. டிக்ஷனரி ரெண்டு போட்டு அதுமேல கால் வெச்சிருக்கேன். பசங்க அர்த்தம் பாக்கணும்னா நான் எழுந்திருக்கணும்."

மனைவி அடுப்பிலிருந்து திரும்பாமலே, "வளராம என்ன செய்யும் டீச்சர், இவர் வெட்டலையே" என்றாள்.

"ஏம்மா, வேலையில குறை இருந்தா நான்தான் சொல்லணும். நீங்க வீட்டு மனுஷி, விட்டுக்கொடுக்காதீங்க" என்று டீச்சர் அவளைக் கண்டித்தார்.

அளவுக்காரர் தலைகுனிந்து நின்றார். வெட்டவே இல்லை என்று சொல்ல அவருக்கு நாக்கு எழவில்லை. "பாத்துத் தர்றேன் டீச்சர்" என்றார். அன்று மாலை குச்சி நிறைய வெட்டினார்.

அதன் பிறகு புகார்கள் வரிசையாக வந்தன. ஒருவருக்கு முதுகுச் சாய்வு முன்பு போல இல்லை. இன்னொருவருக்கு, போன முறை இருந்த மரியாதை இந்த முறை இல்லை. எதிர்ச்சாரியில் ஒருவர் இடம் பிடித்து, "அசல் நாற்காலி அளவகம். எங்களுக்கு வேறு கிளைகள் கிடையாது" என்று பலகை மாட்டினார். அவரும் ஷட்டரைத் திறக்கவில்லை. இரண்டு கடைகளுக்கும் நடுவே போட்டி கடுமையாக இருப்பதாகத் தெருவில் பேசிக்கொண்டார்கள்.

மாமனார்தான் முதலில் மனம் தளர்ந்தவர். ஒரு மாலை, கடையை விட்டு வந்ததும் சட்டையைக் கழற்றாமல் அப்படியே நின்றார்.

"மாப்பிள்ளை, நான் ஓய்வு எடுத்துக்கலாம்னு இருக்கேன்."

"என்ன மாமா திடீர்னு?"

"வயசாச்சு. பழைய மாதிரி ஓடியாட முடியல."

"உக்காந்துதானேப்பா இருக்கே?" என்றாள் மகள்.

"உக்கார்றது லேசா தெரியுதா உனக்கு? மூடின ஷட்டரைப் பாத்துட்டு எட்டு மணி நேரம் உக்காந்து பாரு. கோர்ட்டுல நான் கூப்பிட்டா யாராவது வருவாங்க. வரலேன்னா வரலேன்னாவது தெரியும். இங்க நான் யாரைக் கூப்பிடறது?"

அதைச் சொன்னபோது அவர் குரல் கொஞ்சம் இறங்கிவிட்டது. மகள் அடுப்பை அணைத்தாள். அன்று மழை பெய்திருந்தது. அவள் கால்சட்டை முழங்கால்வரை நனைந்திருந்தது.

"இதோ பாருங்க" என்றாள் கணவனிடம். "எங்க டிப்போவுல ஒருத்தர் இஸ்திரிக் கடை போட இடம் தேடறார். அடுத்த வாரம் வர்றேங்கறார். ஞாயித்துக்கிழமைக்குள்ள கடையைத் திறங்க. இல்லேன்னா மூடுங்க. ரெண்டும் இல்லேன்னா திங்கக்கிழமை காலையில முன்னறையில இஸ்திரிப் பெட்டி இருக்கும்."

அளவுக்காரர் மூடிய உள்கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். மேசை, ரம்பங்கள், அந்த அறையின் மரவாசனை எல்லாம் போய்விடும். தான் சாகும்வரை நாற்காலிப் பிரிவில் நின்றுகொண்டு, பிறருடைய தொங்கும் கால்களைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். திறந்துவிடலாம் என்று நினைத்தார். நினைத்த உடனே மேசை கிழக்கு பார்ப்பது நினைவுக்கு வந்தது. பல் தீட்ட வேண்டும் என்பதும், பலகைக்கு இன்னும் நிறம் முடிவாகவில்லை என்பதும் சேர்ந்துகொண்டன. மூடிவிடலாம் என்று நினைத்தார். ஆச்சரியமாக, ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. மனசு துடைத்துவிட்ட சிலேட்டு போல இருந்தது.

"மூடிடறேன்" என்றார்.

மனைவிக்கு முகம் ஒரு கணம் விழுந்துவிட்டது. அவள் எதிர்பார்த்தது அதை அல்ல. "திறக்காத கடையை எப்படிங்க மூடுவீங்க?" என்றாள்.

"அதுக்குன்னு ஒரு முறை இருக்கும். விசாரிக்கறேன்."

அத்தனை வருடமாகச் சந்தில் தயங்கித் தயங்கி நடந்தவர், மறுநாள் விறுவிறுவென்று தெருவில் இறங்கிப் பூட்டுக்கடைக்குப் போனார். பூட்டுக்கடைக்காரர் தெரு வியாபாரிகள் சங்கத்தின் செயலாளர். ஒரு பழைய பூட்டின் வயிற்றைத் திறந்துவைத்துக்கொண்டு, காலில்லாத ஒரு முக்காலியில் உட்கார்ந்திருந்தார். அதை முக்காலி என்பதற்கு, அது முன்பு முக்காலியாக இருந்தது என்பதைத் தவிரக் காரணம் இல்லை.

"மூடறீங்களா? அடடா. நல்ல கடை. எங்க அத்தை உங்ககிட்டதான் பண்ணிக்கிட்டாங்க" என்றார் பூட்டுக்கடைக்காரர். "சரி, உங்க இஷ்டம். ஆனா நம்ம தெருவுல ஒரு வழக்கம் இருக்கு, தெரியுமில்ல? ஏத்துக்கிட்ட வேலையை முடிச்சுக் கொடுக்காம யாரும் கடையை மூடக்கூடாது. ரொட்டிக்கடைக்காரர் அப்பா போனப்பகூட, சொல்லி வெச்சிருந்த ரொட்டியைச் சுட்டுக் கொடுத்துட்டுத்தான் எடுத்தாங்க."

"எனக்கு ஒரு வேலைதான் பாக்கி. கணக்கு டீச்சர் நாற்காலி."

"அப்ப அதை முடிச்சுட்டு, ஊர் பாக்க ஷட்டரை இறக்குங்க. நானே வந்து பூட்டு போடறேன்."

"ஷட்டர் இறக்கித்தாங்க இருக்கு."

பூட்டுக்கடைக்காரர் கண்ணாடியை நெற்றிக்குத் தள்ளிவிட்டு யோசித்தார். "இறக்கி இருக்கறதை எப்படி இறக்குவீங்க? முதல்ல ஏத்தணும். ஏத்துங்க, வேலையை முடிங்க, இறக்குங்க. ஏத்தறதும் மூடறதுல ஒரு பகுதிதானே."

இந்த வாக்கியம் அளவுக்காரருக்கு மிகவும் பிடித்திருந்தது. வீட்டுக்கு வரும் வழியில் வாய்க்குள் அதைச் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தார். முதல் வெட்டு என்றால்தான் பயம். இது முதல் வெட்டு இல்லை, கடைசி வெட்டு. கடைசி வெட்டு கோணினால் என்ன, கெட்டுப்போக இனிமேல் கடைக்குப் பெயரா இருக்கப்போகிறது? டீச்சருக்கு ஒரு நாற்காலி கெடும், அவ்வளவுதான். வேறு நாற்காலி வாங்கித் தந்துவிடலாம். மரச்சாமான் கடையில்தானே வேலை.

வீட்டுக்கு வந்ததும் பல வருடமாக நிறம் முடிவாகாமல் கிடந்த பலகையை எடுத்தார். கையில் கிடைத்த பெயின்டில் தூரிகையை முக்கி, ஒரே மூச்சில் எழுதினார்: "நாற்காலி அளவகம். இன்று கடைசி நாள்."

"என்ன நிறம்ங்க அது?" என்றாள் மனைவி.

அவர் குனிந்து பார்த்தார். "பச்சை போலிருக்கு" என்றார்.

மாமனாருக்குத் தகவல் சொன்னபோது, "அப்ப என் ஓய்வு?" என்று கேட்டார்.

"கடை மூடினதும் நீங்க தானா ஓய்வுதான் மாமா."

"இருக்கட்டும். கடைசி நாள் ஒழுங்கா நடக்கணும். கோர்ட்டு கலையும்போதுகூட ஒரு முறை உண்டு."

திறப்புவிழா என்றால் கூப்பிட வேண்டும். மூடுவிழாவுக்கு யாரையும் கூப்பிடத் தேவையில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் ஷட்டருக்கு முன்னால் தெருவே நின்றது. அளவுக்காரர் குனிந்து ஷட்டரைத் தூக்கினார். அது அசையவில்லை. பக்கத்தில் நின்றவர்களும் கை போட்டார்கள். அப்போதும் அசையவில்லை. வருடக்கணக்காகச் சும்மா தொங்கியதில் இரண்டு பக்கத் தடங்களிலும் துரு பிடித்து, இரும்பு இரும்போடு ஒட்டிக் கிடந்தது.

"விடுங்க, அதுக்கே விருப்பமில்லபோல" என்று கூட்டத்தில் ஒருவர் சொன்னார்.

அளவுக்காரர் நிமிர்ந்தார். கைகளைத் தட்டிக்கொண்டார். முகத்தில் அந்தப் பழைய பார்வை வர ஆரம்பித்தது. முதலில் துருவை எடுக்க வேண்டும், அதற்கு நல்ல எண்ணெய் எது என்று விசாரிக்க வேண்டும், வேறு ஒரு நாள் பார்க்கலாம் என்கிற பார்வை. மனைவிக்கு அந்தப் பார்வை நன்றாகத் தெரியும்.

"நகருங்க" என்றாள். வீட்டிலிருந்து கிரீஸ் டப்பாவைக் கொண்டுவந்து தடங்களில் விரலால் அப்பினாள். பிறகு செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, ஷட்டரின் நடுவில் ஓங்கி ஓர் உதை விட்டாள். அது தெரு முழுக்கக் கேட்டது. உள்ளே மேசையில் உட்கார்ந்திருந்த மாமனார் வழக்கம் தவறாமல், "உள்ள வேலை நடந்துட்டிருக்கு. அப்புறம் வாங்க" என்றார்.

"அப்பா, நான்தான்!"

இரண்டாம் உதையில் ஷட்டர் முனகிக்கொண்டு முழங்கால்வரை எழுந்தது. கூட்டம் அதைப் பிடித்து மேலே தள்ளியது. முன்னறைக்குள் வெயில் விழுந்தது. இடுப்பளவு குச்சிக் குவியலும், சுவரில் தொங்கும் ரம்பங்களும், முழுக்கைச் சட்டையோடு கண் கூச உட்கார்ந்திருந்த மேனேஜரும் ஒரே நேரத்தில் தெரிந்தார்கள். குச்சிக் குவியலைப் பார்த்த கூட்டம் பெருமூச்சு விட்டது.

"எவ்வளவு காலை வெட்டியிருக்கார் பாருங்க மனுஷன்!"

பூட்டுக்கடைக்காரர் இரண்டு வார்த்தை பேசினார். தன் அத்தையின் முதுகைப் பற்றிச் சொன்னார். ரொட்டிக்கடைக்காரர், தான் போன வருடம் செய்துகொண்ட கைப்பிடி வேலையைப் புகழ்ந்தார். இப்படி ஒரு கைதேர்ந்தவர் இனிக் கிடைப்பாரா என்று ஒரு அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அளவுக்காரர் கைகட்டி நின்று எல்லாவற்றையும் கேட்டார். தன்னைப் பற்றி அல்லாமல், பழக்கமான யாரோ ஒருவரைப் பற்றிப் பேசுவதுபோல இருந்தது அவருக்கு. நல்ல ஆள்தான் போலிருக்கிறது என்றும் தோன்றியது.

மாமனார் எழுந்து வாசலுக்கு வந்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"கணுக்கால் வீக்கம் கணக்கு டீச்சர்! கணுக்கால் வீக்கம் கணக்கு டீச்சர்! கணுக்கால் வீக்கம் கணக்கு டீச்சர்!"

"இங்கதானே நிக்கறேன், ஏன் கத்தறீங்க?" என்று டீச்சர் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தார்.

மாமனாரின் முகம் மலர்ந்துவிட்டது. கூப்பிட்டதும் ஒரு ஆள் வந்து எவ்வளவு காலம் ஆயிற்று!

அளவுக்காரர் டீச்சரை மேசைமேல் உட்காரவைத்து அளந்தார். நாற்காலியைக் கவிழ்த்தார். ஒவ்வொரு காலையும் சுற்றி ஒரு காகிதப் பட்டையைச் சுற்றி, அதன் விளிம்பை ஒட்டிப் பென்சிலால் கோடு போட்டார். கோடு தெரிகிற மெல்லிய ஒட்டுத்தாளை அதன்மேல் ஒட்டினார்; வெட்டும்போது மரம் சிலும்பாமல் இருப்பதற்காக. ரம்பத்தை எடுத்துக் கோட்டில் வைத்தார். கை நின்றது.

வெளிச்சம் இடப்பக்கத்திலிருந்து வருகிறது என்று அவருக்குத் தோன்றியது. உண்மையிலேயே வந்தது, ஷட்டர் இடப்பக்கம்தான் இருந்தது.

"என்னங்க" என்றாள் மனைவி மெதுவாக. "சீக்கிரம் முடிங்க. மூடணும்."

"ஆமா, மூடணும்" என்றார் அவர். ரம்பத்தைத் தன்பக்கம் மெல்ல இழுத்தார். மரம் ஒரு வெள்ளைக் கோடு காட்டியது. பிறகு கை தானாகவே முன்னும் பின்னும் போக ஆரம்பித்தது. ஒரு கால் விழுந்தது. இரண்டாவது, மூன்றாவது விழுந்தன. குச்சியும் காலும் ரம்பத்துக்கு ஒன்றுதான். நான்காவதை வெட்டும்போது அவருக்குச் சந்தோஷம் வந்துவிட்டது. அந்தச் சந்தோஷத்தில், கோட்டுக்கு அந்தப் பக்கம் வெட்ட வேண்டியதை இந்தப் பக்கம் வெட்டிவிட்டார்.

நாற்காலியை நிமிர்த்தி வைத்து டீச்சர் உட்கார்ந்தார். டக் என்று ஒருபக்கம் சாய்ந்தது. நிமிர்ந்தால் டக் என்று மறுபக்கம் சாய்ந்தது.

"ஆடுது" என்றார் டீச்சர்.

அளவுக்காரர் ரம்பத்தைக் கீழே வைத்தார். இத்தனை வருடம் அவர் பயந்தது இதற்குத்தான். இது நடந்தால் என்ன ஆகும் என்று அவர் எத்தனையோ நாள் யோசித்திருக்கிறார். ஆனால் யோசனை எப்போதும் இந்த இடத்தில் வந்து நின்றுவிடும். இதற்கு அப்புறம் என்ன என்று அவர் போய்ப் பார்த்ததே இல்லை. இப்போது பார்த்தார். அப்புறம் என்பதில் பெரிதாக ஒன்றும் இல்லை. நாற்காலி ஆடிக்கொண்டிருந்தது. டீச்சர் காத்துக்கொண்டிருந்தார். தெருவில் ஒருவர் கொட்டாவி விட்டார்.

அவர் குனிந்து, வெட்டி விழுந்த துண்டைக் கையில் எடுத்தார். அதிலிருந்தே தோசை கனத்தில், இல்லை, அதைவிட மெல்லியதாக, ஒரு வில்லை சீவினார். குட்டைக் காலின் அடியில் பசை தடவி ஒட்டினார். ஓர் ஆணி அடித்தார். உப்புத்தாளால் ஓரத்தைத் தேய்த்தார். டீச்சர் உட்கார்ந்தார். ஆடவில்லை.

"இவ்வளவுதானா?" என்றார் அளவுக்காரர், யாரிடம் என்று இல்லாமல்.

டீச்சர் இரண்டு பாதங்களையும் தரையில் வைத்துக் கட்டைவிரலை அழுத்திப் பார்த்தார். குதிகாலை அழுத்திப் பார்த்தார். கண்ணை மூடிக் கொஞ்ச நேரம் அசையாமல் இருந்தார்.

"போன தடவையும் இப்படித்தான் இருந்துச்சு" என்றார் கடைசியில். "பாக்கலாம், எத்தனை நாளைக்கு நிக்குதுன்னு."

வேலை முடிந்தது. பூட்டுக்கடைக்காரர் ஒரு புதுப் பூட்டைப் பையிலிருந்து எடுத்தார். அளவுக்காரர் ஷட்டரின் கைப்பிடியை எட்டிப் பிடித்தார். அப்போதுதான் ரொட்டிக்கடைக்காரர், "ஒரு நிமிஷம். என் கைப்பிடியும் பாக்கி இருக்கில்ல?" என்றார்.

"போன வருஷமே பண்ணிக்கிட்டேன்னு இப்பதானே சொன்னீங்க?"

"பண்ணினீங்க. அது இறங்கிப்போச்சு. அன்னிக்கே பாத்துத் தர்றேன்னு சொன்னீங்களே."

"எங்க அத்தைக்கும் சொல்லியிருக்கீங்க" என்றார் பூட்டுக்கடைக்காரர், பூட்டைத் திரும்பப் பைக்குள் போட்டபடி.

சொல்லியிருந்தார். மறுக்க முடியாது. அந்தத் தெருவிலும் அடுத்த தெருவிலும் அவர் சொல்லாத ஆள் யார்? கூட்டம் கலைந்து ஓடியது. கொஞ்ச நேரத்தில் அவரவர் நாற்காலியோடு திரும்பி வந்தது. வரிசை ரொட்டிக்கடையைத் தாண்டியது. நின்று கால் வலித்தவர்கள், கொண்டுவந்த நாற்காலியிலேயே உட்கார்ந்துகொண்டார்கள்.

மாமனார் கைப்பட்டியைச் சரிசெய்துகொண்டு வாசலுக்கு வந்தார். "கைப்பிடி இறங்கின ரொட்டிக்கடைக்காரர்! கைப்பிடி இறங்கின ரொட்டிக்கடைக்காரர்!"

சாயங்காலம் வரிசை பாதிகூடக் குறையவில்லை. வழக்கம் வழக்கம்தான், வேலை பாக்கி இருக்கும்போது மூட முடியாது. "மன்னிக்கணும், இன்னிக்கு மூட முடியல. நாளைக்குக் காலையில வந்து மூடறோம்" என்று மாமனார் அறிவித்தார். திங்கட்கிழமை அளவுக்காரர் மரச்சாமான் கடை முதலாளிக்குப் போன் செய்து, கடை மூட இரண்டு நாள் லீவு வேண்டும் என்றார். புதன்கிழமை மறுபடி போன் செய்தார். இஸ்திரிக்காரர் பெட்டியோடு வந்து பார்த்துவிட்டு, "எப்ப காலி ஆகும்?" என்று கேட்டார். "மூடிட்டேதான் இருக்கோம்" என்று மனைவி சொன்னாள். அவர் புரிந்துகொண்டு, போகும்போது தன் வீட்டு நாற்காலியைப் பற்றியும் விசாரித்துவிட்டுப் போனார்.

எதிர்ச்சாரியில் அசல் நாற்காலி அளவகத்தின் பலகை மாறியது. "நாங்களும் மூடுகிறோம்" என்று இருந்தது அதில். அதற்காக அவர்கள் ஷட்டரோடு போராடும் சத்தம் காலையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தது. மனைவி வேலைக்குப் போகிற வழியில் கிரீஸ் டப்பாவை அவர்களிடம் கொடுத்துவிட்டுப் போனாள்.

பலநாள் கழித்து ஒருநாள், மழை பிடித்துக்கொண்ட நேரத்தில், கணக்கு டீச்சர் குடையோடு வாசலில் வந்து நின்றார். காலில் செருப்பு இருந்தது.

"என்ன டீச்சர், மறுபடி வளர்ந்துடுச்சா?" என்றார் அளவுக்காரர், கையில் இருந்த ரம்பத்தை நிறுத்தாமல்.

"வளரல" என்றார் டீச்சர். குரலில் சந்தேகம் இருந்தது. "இத்தனை நாளாச்சு, இம்மி வளரல. என்ன பண்ணினீங்க இந்தத் தடவை?"

"வெட்டினேன் டீச்சர்."

டீச்சர் அதை நம்பவில்லை. வேறு ஏதோ செய்திருக்கிறார், சொல்ல மறுக்கிறார் என்று எண்ணிக்கொண்டு போய்விட்டார்.

தெருமுனையில் பேருந்திலிருந்து இறங்கி மனைவி வந்துகொண்டிருந்தாள். சந்து வாய் வரைக்கும் போனவள், அங்கே தேங்கி நின்ற தண்ணீரைப் பார்த்தாள். திரும்பி வந்து, கடை வாசலில் காத்திருந்த நாற்காலிகளுக்கு நடுவே வழி செய்துகொண்டு, முன்பக்கமாக வீட்டுக்குள் நுழைந்தாள். போகிற போக்கில், நனைந்துகொண்டிருந்த "இன்று கடைசி நாள்" பலகையைத் தூக்கி உள்ளே சாய்த்துவைத்தாள்.

"நாளைக்கு?" என்றாள்.

"நாளைக்குக் கண்டிப்பா மூடிடணும்" என்றார் அளவுக்காரர். "மாமா, அடுத்து யாரு?"